90 மரங்கள்: ‘மிக அருகிய இனம்’ என்றால் என்ன?

இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் நாட்டின் மாஹே தீவில் ஜெல்லிமீன் மரம் என்று ஒரு மரம் உண்டு. உலகின் வேறெந்தக் காட்டிலும் அது கிடையாது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தத் தீவில் உயிரோடு நிற்பவற்றின் மொத்தக் கணக்கையும் கொடுத்தது: 90 மரங்கள். ஒரு சின்னத் தோப்பில்கூட இதைவிட அதிகம் இருக்கும்.

எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் எவ்வளவு இருக்கிறது என்று வகைபிரித்துச் சொல்வது உலகச் சிவப்புப் பட்டியல். அதில் இந்த மரத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘மிக அருகிய இனம்’ என்று போட்டிருக்கும். பார்த்தவுடன் நமக்குத் தோன்றுவது இதுதான்: வெறும் 90 மரங்கள், பிறகு வேறென்ன சொல்வார்கள்? அது பாதிதான் சரி. பட்டியலின் விதிப்படி, 90 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அந்த வகைக்குள், அந்தப் பெட்டிக்குள், நுழைய முடியாது. ஒரு படி கீழே நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் இந்த மரம் எப்படி உள்ளே போனது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே சிவப்புப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம்

ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதை ஜெல்லிமீன் மரம் என்கிறார்கள். காரணம் காய். பச்சையாக இருக்கும் காய் முற்ற முற்றச் செம்பழுப்பாகும். காய்ந்ததும் அடியிலிருந்து பிளக்கும். பிளந்த கீற்றுகள் மேல்முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு, குடைக்கம்பிகள் போல நாலாபுறமும் விரிந்து தொங்கும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். உள்ளே இருக்கும் சிறகுள்ள பொடி விதைகளைக் காற்று கொண்டுபோகும்.

அறிவியல் பெயர் மெடூசாகைனே ஆப்போசிட்டிஃபோலியா. 1877இல் ஜான் கில்பர்ட் பேக்கர் என்ற தாவரவியலாளர் வைத்தது. மெடூசா என்பவள் கிரேக்கக் கதையில் கூந்தலுக்குப் பதில் பாம்புகள் நெளியும் தலையைக் கொண்டவள். பூவின் நடுவே இருக்கும் சூலகம் அந்தத் தலையை நினைவூட்டியதால் இந்தப் பெயர். ஆக, பெயர் வைத்தவர் பூவைப் பார்த்தார், மற்றவர்கள் காயைப் பார்த்தார்கள். பெயரின் இரண்டாம் பாதி, இலைகள் எதிரெதிராக ஜோடியாக அமைந்திருப்பதைச் சொல்கிறது.

பெயரைவிடச் சுவாரசியமானது அதன் பரம்பரை. மெடூசாகைனே என்ற பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம்தான். நெடுங்காலம் இதற்கென்று தனிக் குடும்பமே ஒதுக்கியிருந்தார்கள், உறவினர் யாருமில்லாத வீடு மாதிரி. மரபணுச் சான்றுகள் வந்த பிறகு, 2009இல் வெளியான வகைப்பாட்டில் ஓக்னேசியே குடும்பத்தில் சேர்த்தார்கள். சங்கப் பாடல்களில் வரும் செருந்தி என்று நாம் அடையாளம் சொல்லும் மரமும் அந்தக் குடும்பம்தான். தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

செஷல்ஸின் பெரிய தீவுகள் எரிமலை கக்கிய தீவுகள் அல்ல. சுமார் 75 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல். ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து பிரிந்து கடலின் நடுவே தங்கிவிட்ட துண்டு நிலம். அவ்வளவு காலம் தனித்துக் கிடந்த இடத்தில், வேறெங்கும் இல்லாத செடிகொடிகள் இருப்பதில் வியப்பில்லை. ஜெல்லிமீன் மரம் இன்று நிற்பது அந்தக் கருங்கல் குன்றுகளின் வெடிப்புகளிலும், மண் கொஞ்சமாகத் தங்கிய மொட்டைப் பாறைச் சரிவுகளிலும்தான்.

20ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் இது தாவரவியலாளர்களின் கண்ணில் படவே இல்லை. அற்றுப்போய்விட்டது என்றே நினைத்தார்கள். 1970இல் சில மரங்கள் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த மரங்கள் எந்தெந்தக் குன்றில் இருக்கின்றன என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். இவ்வளவு குறைவாக இருக்கும் செடிகளின் இருப்பிடத்தை ஊரறியச் சொல்லாமல் இருப்பது இந்தத் துறையில் நல்ல பழக்கம். ஆர்வக்கோளாறில் ஒரு கிளையை ஒடித்துப் போகிறவர்கூட இங்கே பெரிய சேதம் செய்துவிட முடியும்.

பட்டியல் கேட்கும் கேள்வி

சிவப்புப் பட்டியலை நடத்துவது ஐயுசிஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம். பட்டியல் 1964இல் தொடங்கியது. முதல் முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் வல்லுநர்களின் அனுபவக் கணிப்பை நம்பியே ஓடியது. ஒருவருக்கு ஆபத்தாகத் தெரிவது இன்னொருவருக்குச் சாதாரணமாகத் தெரியலாம் அல்லவா? அதனால் 1994இல் எண்களை அடிப்படையாகக் கொண்ட விதிகளைக் கொண்டுவந்தார்கள். 2001இல் அவற்றைத் திருத்திய வடிவம்தான் இன்றுவரை அடிப்படை.

மொத்தம் ஒன்பது பெட்டிகள். அற்றுவிட்ட இனம், இயலிடத்தில் அற்றுவிட்ட இனம், மிக அருகிய இனம், அருகிய இனம், அழிவாய்ப்பு இனம், அச்சுறு நிலையை அண்மித்த இனம், கவலை குறைந்த இனம். இவை போக, தரவு போதாதவை, இன்னும் மதிப்பிடப்படாதவை என்று இரண்டு. இவற்றில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பெட்டிகளில் இருப்பவற்றைத்தான் ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானவை’ என்று செய்திகளில் சொல்கிறார்கள்.

தமிழில் ‘அருகிய’ என்ற சொல் இங்கே நன்றாகவே பொருந்தியிருக்கிறது. அருகுதல் என்றால் குறைந்துகொண்டே போதல். இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் அந்தச் சொல் தொட்டுக்காட்டுகிறது. ‘அரிய’ என்று எழுதியிருந்தால் இந்தப் பொருள் வந்திருக்காது. செய்திகளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். ஏனென்றால் பட்டியல் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த இனம் கூடிய சீக்கிரம் இல்லாமல் போவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?

அந்த வாய்ப்பை நேரடியாக அளப்பது கடினம். அதனால் அதைக் காட்டிக்கொடுக்கும் ஐந்து அறிகுறிகளை வைத்திருக்கிறார்கள். ஐந்து கதவுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு கதவு திறந்தால் போதும், அந்தப் பெட்டிக்குள் போய்விடலாம். ஐந்தும் திறக்க வேண்டியதில்லை.

முதல் கதவு, எண்ணிக்கை சரிந்த வேகம். பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், எது நீளமோ அந்தக் காலத்தில், 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் மிக அருகிய இனம். (சரிவின் காரணம் தெரிந்து, நின்று, மீளக்கூடியது என்றால் அளவுகோல் 90 விழுக்காடு.) மரங்களுக்கு ஒரு தலைமுறையே பல பத்தாண்டுகள் என்பதால், இந்தக் கதவு நூறாண்டுக்கு முந்தைய காடழிப்பைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கதவு, பரப்பு. மூன்றாவது, சின்னக் கூட்டம், அதுவும் குறைந்துகொண்டே வருவது. நான்காவது, மிகமிகச் சின்னக் கூட்டம். இங்கே குறைகிறதா என்ற கேள்வியே இல்லை. ஐந்தாவது, கணிதக் கணிப்பு: பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில் அழிந்துபோகும் வாய்ப்பு 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கிறது என்று காட்ட முடிந்தால். இந்த ஐந்தாவதுக்கு ஏராளமான தரவு வேண்டும். அதனால் அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

ஒரு பயிற்சிக் கணக்கு

சரி, நம் 90 மரங்களை எடுத்துக்கொண்டு இந்தக் கதவுகளைத் தட்டிப் பார்க்கலாம். இது பட்டியலின் அதிகாரபூர்வ மதிப்பீட்டை ஒப்பிப்பது அல்ல. விதிகளைப் புரிந்துகொள்ள நாமே போட்டுப் பார்க்கும் கணக்கு.

நான்காவது கதவில் இருந்து தொடங்குவோம், எளிதாக இருக்கும். 50க்கும் குறைவான முதிர்ந்த மரங்கள் இருந்தால் மிக அருகிய இனம். 250க்கும் குறைவென்றால் அருகிய இனம். 1,000க்கும் குறைவென்றால் அழிவாய்ப்பு இனம். 90 என்பது 50ஐவிட அதிகம். ஆக இந்தக் கதவு நம்மை இரண்டாம் படியில் நிறுத்திவிடுகிறது. தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது கதவு, பரப்பு. எல்லா மரங்களையும் வெளியோரமாகச் சுற்றி ஒரு கயிறு கட்டினால் உள்ளே அடங்கும் நிலம் 100 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு என்றால் மிக அருகிய இனத்துக்குரிய முதல் நிபந்தனை நிறைவேறிவிடும். மாஹே தீவு முழுவதையும் சேர்த்தாலே ஏறத்தாழ 155 சதுர கிலோமீட்டர்தான். அதில் சில குன்றுகளில் மட்டும் இருக்கும் மரத்துக்கு இந்த நிபந்தனை ஒரு தடையே அல்ல.

ஆனால் இந்தக் கதவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது. கூடவே மூன்று விஷயங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒன்று, கூட்டம் மோசமாகத் துண்டுபட்டிருப்பது அல்லது ஒரே இடத்தில் மட்டும் இருப்பது. இரண்டு, எண்ணிக்கையோ வாழிடத்தின் தரமோ தொடர்ந்து சரிவது. மூன்று, எண்ணிக்கை கடுமையாக ஏறி இறங்குவது. ஏன் இப்படி? சின்னத் தீவில் பிறந்த இனம் சின்ன இடத்தில்தான் இருக்கும், அது அதன் இயல்பு. லட்சக்கணக்கான ஆண்டுகள் ஒரே குன்றில் நிம்மதியாக வாழ்ந்த செடியை, ‘உன் இடம் சின்னது’ என்பதற்காக மட்டும் ஆபத்துப் பட்டியலில் போட்டால் பட்டியலுக்கு மதிப்பிருக்காது. சின்ன இடமும், அந்த இடத்துக்கே வந்த கெடுதலும் சேரும்போதுதான் இந்தக் கதவு திறக்கும். நம் மரத்துக்கு முதல் இரண்டும் பொருந்துகின்றன. எப்படி என்பதைக் கீழே பார்க்கப் போகிறோம்.

மூன்றாவது கதவு இன்னும் சுவையானது. 250க்கும் குறைவான முதிர்ந்த மரங்கள், அதோடு தொடரும் சரிவு, அதற்கும் மேலே ஒரு நிபந்தனை: தனித்தனிக் கூட்டங்கள் எதிலும் 50க்கு மேல் இருக்கக் கூடாது, அல்லது 90 விழுக்காட்டுக்குக் குறையாத மரங்கள் ஒரே கூட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று நேரெதிர் மாதிரித் தோன்றும். இரண்டுமே ஆபத்துதான். சிதறிக் கிடந்தால் எந்தத் துண்டும் தாங்காது. ஒரே இடத்தில் குவிந்திருந்தால் ஒரு தீ, ஒரு நோய், ஒரு மண்சரிவு போதும்.

இந்த இடத்தில்தான் 90 என்ற எண்ணை உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

78 + 12

அந்த 90 மரங்களும் நான்கு கூட்டங்களாக இருந்தன. பெரிய கூட்டத்தில் 78. மீதி மூன்று கூட்டங்களையும் சேர்த்தால் 12.

78 மரங்கள் இருக்கும் இடத்தில் கன்றுகள் முளைக்கின்றன, வளர்கின்றன. மற்ற மூன்று இடங்களிலும் இல்லை. மரங்கள் நிற்கின்றன, அடுத்த தலைமுறையைக் காணோம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அவை நல்ல மரங்கள்தான். பக்கத்தில் கன்று ஒன்றும் இல்லை என்பதைத் தேடிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சூழலியலாளர்கள் இப்படிப்பட்ட நிலையை ‘அழிவுக் கடன்’ என்பார்கள். கடன் வாங்கியாகிவிட்டது, தவணை தேதி மட்டும் இன்னும் வரவில்லை. நீண்டகாலம் வாழும் மரங்களிடம் இந்தக் கடன் எளிதில் வெளியே தெரியாது. ஒரு பூச்சியினம் முட்டையிடுவதை நிறுத்தினால் சீக்கிரமே காலி. மரம் நூறாண்டு நின்றுகொண்டே இருக்கும், நாமும் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே இருப்போம்.

ஏன் கன்று இல்லை? ஆய்வாளர்கள் மரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மகரந்தமும் விதையும் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்ளேயே பயணம் செய்து முடித்துவிடுகின்றன. குன்றுக்குக் குன்று தூரம் அதைவிட அதிகம் என்றால், ஒரு கூட்டத்தின் மகரந்தம் இன்னொன்றை எட்டவே எட்டாது. விளைவு, சின்னக் கூட்டங்களில் நிற்பவை ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம். நாலு மரம் இருக்கிற இடத்தில் அண்ணன், தங்கை, மகள், பேத்தி தவிர வேறு வரன் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்சொந்தத்துக்குள்ளேயே கலப்பு நடந்தால் விதை தேறாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

இது ஊகம்தானே என்று கேட்கலாம். அவர்கள் அதையும் சோதித்தார்கள். பெரிய கூட்டத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து, சின்னக் கூட்டத்துப் பூக்களில் கையால் சேர்த்தார்கள். தங்களுக்குள்ளேயே கலந்தபோது கிடைத்ததைவிட இந்தக் கலப்பில் பலன் கூடுதலாக இருந்தது. ஆக, அந்த மரங்கள் மலடு இல்லை. வரன்தான் இல்லை. இந்த முறைக்கு மரபணு மீட்பு என்று பெயர். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிரச்சினையைச் சொல்லிவிட்டு நகராமல், ஒரு பூவில் கொஞ்சம் மகரந்தத்தைத் தடவிப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது பயிற்சிக் கணக்குக்குத் திரும்புவோம். சிவப்புப் பட்டியல் மரங்களை எண்ணும்போது ‘முதிர்ந்தவை’ என்று எதைச் சொல்கிறது தெரியுமா? இனப்பெருக்கம் செய்யக்கூடியவற்றை மட்டும். கன்றுகள் கணக்கில் இல்லை. அதோடு வழிகாட்டு நெறியில் இன்னொரு வரியும் உண்டு: புதிய வாரிசுகளை ஒருபோதும் உருவாக்கப் போவதில்லை என்கிற நிலையில் இருப்பவற்றை, அவை எவ்வளவு வளர்ந்திருந்தாலும் எண்ணக் கூடாது. அதைக் கறாராகப் படித்தால் அந்த 12 மரங்களும் கணக்கிலிருந்து விழுந்துவிடலாம். 90 என்பது 78 ஆகிவிடும்.

அதற்குமேல் ஒரு திருப்பம். 90இல் 78 என்றால் ஏறத்தாழ 87 விழுக்காடு. ‘ஒரே கூட்டத்தில் 90 விழுக்காடு’ என்ற நிபந்தனைக்கு மயிரிழையில் எட்டாது. 12ஐ நீக்கிவிட்டால் 78இல் 78, அதாவது நூறு விழுக்காடு. மூடியிருந்த மூன்றாவது கதவும் திறந்துகொள்கிறது. அதே குன்றுகள், அதே மரங்கள். எதை மரம் என்று எண்ணுகிறோம் என்பது மட்டும்தான் மாறியது.

இலவங்க மரம் செய்த வேலை

வாழிடம் சரிவதாகச் சொன்னேன். அதற்குக் காரணங்களில் முக்கியமான ஒன்று, நம் பக்கத்திலிருந்து போன மரம். இலங்கையையும் தென்னிந்தியாவையும் தாயகமாகக் கொண்ட இலவங்கம், அதாவது பட்டை தரும் மரம், 1770களில் பிரெஞ்சுக்காரர்கள் வாசனைத் தோட்டம் போடும் முயற்சியில் மாஹேக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தீவுகளில் மனிதர் நிலையாகக் குடியேறத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். தோட்டம் பெரிதாக எடுபடவில்லை. இலவங்கம் மட்டும் எடுபட்டது, அதுவும் தோட்டத்துக்கு வெளியே. பழத்தைப் பறவைகள் தின்று மலையெங்கும் விதைத்தன. மரத்துக்காகவும் பயிருக்காகவும் சொந்தக் காட்டை வெட்டிய இடங்களில் எல்லாம் இலவங்கம் புகுந்துகொண்டது. பின்னாளில் அதன் பட்டையும் எண்ணெயும் அந்த நாட்டுக்கு ஏற்றுமதிப் பொருளாகவே ஆயின.

பாறைக்குன்றுகள்தான் கடைசிப் புகலிடம். மண் இல்லாத, வெயில் கொளுத்தும் சரிவுகளில் வெளியூர்ச் செடிகள் வேர்பிடிக்கச் சிரமப்படும் என்பதால் சொந்தச் செடிகள் அங்கே தாக்குப்பிடித்தன. ஆனால் அங்கேயும் இலவங்கமும் பிற வெளியூர்ப் புதர்களும் ஓரங்களிலிருந்து ஏறுகின்றன. ஜெல்லிமீன் மரம் பாறையை விரும்பி நிற்கிறதா, அல்லது ஈரமான காட்டிலிருந்து விரட்டப்பட்டு அங்கே ஒதுங்கியிருக்கிறதா என்ற கேள்வி பழையது. அதன் விதை ஈரப்பதம் அதிகமுள்ள தோட்டக் கூடங்களில் முளைத்தது இந்தக் கேள்வியைக் கிளப்பியவர்களுக்குச் சாதகமாக அமைந்தது.

களையெடுத்தால் பலன் உண்டா? 2017இல் வெளியான ஓர் ஆய்வில் மாஹேயின் எட்டுக் குன்றுகளை எடுத்துக்கொண்டு, நான்கில் வெளியூர்ப் புதர்களை வெட்டி அகற்றினார்கள், நான்கை அப்படியே விட்டார்கள். அகற்றிய குன்றுகளில் மகரந்தம் சேர்க்க வரும் உயிரினங்களின் வகையும் வருகையும் கூடின. சொந்தச் செடிகள் காய்ப்பதும் கூடியது. இது ஜெல்லிமீன் மரத்துக்காகச் செய்த சோதனை அல்ல, குன்றின் மொத்தச் சமூகத்துக்கும் செய்தது. இருந்தாலும், அந்த மரம் வாழும் வகை இடத்துக்கு என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நேரடியான பதில் கிடைப்பது அரிது.

பட்டியலைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஒரே பெட்டியில் இருப்பதால் எல்லாமே ஒரே நிலைமையில் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. மொரீஷியஸின் கியூர்பிப் தாவரவியல் தோட்டத்தில் ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறது. அந்த இனத்தில் உலகில் மிஞ்சியிருப்பது அது மட்டும்தான். அதில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு நேரத்தில் விரிவதால் தன்னோடு தானே கலந்து விதை தருவதும் நடப்பதில்லை. அதுவும் மிக அருகிய இனம்தான், 90 மரங்கள் உள்ள நம் மரமும் மிக அருகிய இனம்தான். அந்தப் பெட்டிக்கு மேலே ‘இன்னும் மிக மிக’ என்று வேறு பெட்டி கிடையாது.

எண்ணிக்கை அதிகமாக இருப்பவையும் மேலே வரலாம். செஷல்ஸிலேயே பிராஸ்லின், குரியூஸ் தீவுகளில் வளரும் கடல் தேங்காய் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதுவும் அருகிய இனம் என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஓடு கடலில் மிதந்து கரையொதுங்கித் துறவிகளின் திருவோடாக ஆன காலமும் உண்டு. இன்று காயை விற்பதற்காகப் பறித்துக்கொண்டே இருந்தால் கன்று எங்கிருந்து வரும்? இங்கேயும் கடைசியில் கேள்வி வாரிசைப் பற்றித்தான்.

தோட்டத்தில் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று சிலர் கேட்பார்கள். தோட்டத்தில் வளர்ப்பவற்றைப் பட்டியல் எண்ணாது. காட்டில் ஒன்றுகூட இல்லாமல் தோட்டங்களில் மட்டும் ஆயிரம் இருந்தாலும் அது ‘இயலிடத்தில் அற்றுவிட்ட இனம்’. ஈஸ்டர் தீவின் தொரோமிரோ மரத்தின் கதி இதுதான். தீவில் தானாக வளர்ந்த கடைசி மரம் போய்விட்டது, தாவரவியல் தோட்டங்களில் அதன் சந்ததி வாழ்கிறது.

அற்றுவிட்டது என்று எழுதுவதற்கும் அவசரப்பட மாட்டார்கள். கடைசி உயிரும் போய்விட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சக் கூடாது, அதற்கு முறையாகத் தேடியிருக்க வேண்டும். அப்படியும் தவறுவது உண்டு. இலங்கையில் க்ரூடியா ஜெய்லானிகா என்ற மரத்தை 2012 தேசியச் சிவப்புப் பட்டியல் அற்றுவிட்டதாகவே குறித்தது. 2019இல் கம்பஹா மாவட்டத்தில் ஒரு மரம் உயிரோடு அடையாளம் காணப்பட்டது. கண்டுபிடித்த கையோடு, 2021இல் அதிவேகச் சாலை அமைக்க அதை வெட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்து பெரிய எதிர்ப்பு எழுந்தது. சிவப்புப் பட்டியல் ஒரு சட்டம் இல்லை என்பதும் இங்கேதான் தெரியும். பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் கோடரியை யாரும் தடுத்துவிட முடியாது. அந்தந்த நாட்டின் சட்டம் அதைக் கையில் எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

2024 அக்டோபரில் உலகின் மரங்களைப் பற்றிய பெரிய மதிப்பீடு வெளியானபோது, பட்டியலில் 47,282 மர இனங்கள் இருந்தன. அவற்றில் 16,425 அச்சுறுத்தலுக்கு உள்ளானவை, மூன்றில் ஒன்றுக்கும் மேல். அந்த விகிதம் மிக அதிகமாக இருந்தது தீவுகளில். ஜெல்லிமீன் மரத்தின் கதையைப் படித்த பிறகு அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை: சின்ன இடம், துண்டுபட்ட கூட்டம், வெளியூரிலிருந்து வந்த போட்டி.

இறங்கி வருவது எப்படி?

பெட்டியிலிருந்து கீழே இறங்குவதற்கும் விதி இருக்கிறது. மேல்பெட்டிக்கான நிபந்தனை எதுவும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பொருந்தாமல் இருக்க வேண்டும். ஒரு நல்ல மழை ஆண்டில் நாலு கன்று கூடுதலாக முளைத்தது என்பதற்காகப் பெயரை மாற்றிவிட மாட்டார்கள். ஏறுவதற்கு இந்தக் காத்திருப்பு இல்லை. நிலைமை மோசம் என்று தெரிந்தால் உடனே ஏற்றலாம்.

மாஹேயில் ஒருவர் பெரிய கூட்டத்திலிருந்து மகரந்தம் எடுத்துவந்து, சின்னக் குன்றில் நிற்கும் மரத்தின் பூவில் தடவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காய் பிடித்து, குடை போல விரிந்து, விதை முளைத்து, நாற்றங்காலில் தேறி, அதைக் கொண்டுபோய்ப் பாறை வெடிப்பில் நடுகிறார்கள். பத்து கன்றுகள் பிழைக்கின்றன. பட்டியலில் எண்ணிக்கை எவ்வளவு கூடும்? பூஜ்யம். அவை வளர்ந்து பூக்கும்போது? அப்போதும் பூஜ்யம்தான். மனிதர் கொண்டுவந்து நட்ட மரம், முளைக்கும் திறனுள்ள வாரிசைத் தானே ஈன்ற பிறகுதான் முதிர்ந்த மரமாக எண்ணப்படும் என்பது விதி. நட்டவர் அந்தக் கணக்கைப் பார்க்க இருக்க மாட்டார். அவர் நட்ட கன்றின் கன்று முளைக்கும் அன்றைக்குத்தான் யாரோ ஒருவர் பதிவேட்டில் ஒன்று என்று எழுதுவார்.